வீட்டுக்கு விட்ட இடம்

ஒஸ்லோவில் நான் முதலில் சாப்பிட்டது ஒரு பழுப்பு நிறச் சீஸ். ஹோட்டல் மேசையில் அது சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. அதைச் சீவுவதற்கென்றே ஒரு கருவியும் பக்கத்தில் கிடந்தது. எல்லோரும் சீவிப் பாணில் வைத்துச் சாப்பிட்டார்கள், நானும் சீவினேன். பால்ரொபி இனிப்பில் கை தவறி உப்பைப் போட்டுவிட்டதைப் போல ஒரு சுவை. முதல் நாள் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நானே அதைத் தேடிப் போய் எடுத்தேன்.

ஓர் உதவி நிறுவனம் நடத்திய கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். வன்னியில் அரசாங்கம் ஏற்படுத்திய விவசாயக் குடியேற்றங்கள் எப்படி முன்னேறியிருக்கின்றன என்று நான் பேச வேண்டும். போர்நிறுத்த காலம் அது. வெளிநாட்டார் எல்லோருக்கும் எங்கள் முன்னேற்றத்தில் திடீரென்று அக்கறை வந்திருந்தது. நான் விவசாயப் போதனாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் காணிகளில் வாய்க்கால் வரம்பெல்லாம் நடந்து தேய்ந்த கால்கள் என்னுடையவை. அதனால் என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் திட்டங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. படித்துவிட்டு உத்தியோகம் கிடைக்காமல் வீட்டில் இருந்த இளைஞர்களுக்கு, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காடு வெட்டி ஆளுக்கொரு துண்டுக் காணி கொடுத்தார்கள். பேனா பிடித்த கைகள் மண்வெட்டி பிடித்தன. மிளகாயும் வெங்காயமும் நன்றாக விளைந்தன. யாழ்ப்பாணத்துப் பெண் வீட்டார் உத்தியோக மாப்பிள்ளையை விட்டு மிளகாய் மாப்பிள்ளையைத் தேடிய காலமும் ஒன்று இருந்தது. பிறகு விலை விழுந்தது, பிறகு போர் வந்தது. காணிக்காரர் பாதிப்பேர் வெளிநாடு போனார்கள். அவர்கள் விட்ட காணிகளில் இடம்பெயர்ந்து வந்தவர்கள் பயிர் செய்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி மகேஸ்வரி. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஓடி வந்து, பூட்டிக் கிடந்த ஒரு கொட்டிலைத் திறந்து, பற்றை பிடித்த காணியைத் துப்புரவாக்கினாள். காணியின் சொந்தக்காரர் பரமானந்தன் என்பவர், நோர்வேயில் இருந்தார். உறவினர் மூலம் அவருக்குச் சொல்லி அனுப்பியபோது, செய்யட்டும், நான் வரும்வரை என்று பதில் வந்தது. அந்த ஒரு வாக்கில் எட்டு வருடம் ஓடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிறர் காணியில் பயிர் செய்கிறவர் மரம் வைக்க மாட்டார். மிளகாய் வைக்கலாம், கத்தரி வைக்கலாம், பிடுங்கிவிட்டு எழுந்து போகலாம். மரம் வைத்தால் வைத்தவருக்கும் அதில் உரிமை வந்துவிடும். ஊரும் அப்படித்தான் சொல்லும், பழைய சட்டமும் அப்படித்தான் சொல்லும். அதனால் மானமுள்ளவர்கள் கேட்காமல் ஒரு முருங்கைத் தடிகூட ஊன்ற மாட்டார்கள். மகேஸ்வரி எட்டு வருடமாக முருங்கைக்காயைப் பக்கத்துக் காணியில்தான் கேட்டு வாங்கினாள்.

அந்த வருட மாரி மழைக்குத் தென்னங்கன்று கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். குளத்துத் தண்ணீர் முறைவைத்து வருகிற இடத்தில் ஒற்றைப் பொம்பிளையாய் மிளகாய்க்கு இறைத்து இறைத்து மகேஸ்வரிக்கு முதுகு போய்விட்டது. தென்னை காய்த்தால் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறக்கும். ஆனால் காணிக்கார அண்ணையின் வாயிலிருந்து ஒரு சொல் வராமல் கன்று வாங்க மாட்டேன் என்று நின்றாள். நான் ஒஸ்லோ போகிறேன் என்று கேள்விப்பட்டதும் என்னிடம் ஓடி வந்தாள்.

"வாறாரோ இல்லையோ எண்டு மட்டும் கேட்டு வாங்கோ மிஸ். நான் காணி கேட்டனான் எண்டு நினைச்சிடக் கூடாது," என்றாள்.

கருத்தரங்குப் பேச்சைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பாரமாக இருந்தது.

பரமானந்தன் ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்தார். தொலைபேசியில் வழி சொன்னார்: ஒவ்வொரு தரிப்பிலும் நிற்கிற மெதுவான ரெயிலில் ஏற வேண்டும், வேகமானதில் ஏறக் கூடாது. நிலையத்தில் இரண்டு ரெயில்கள் நின்றன. பார்க்க அழகாய் இருந்ததுதான் மெதுவானது என்று நினைத்து அதில் ஏறினேன். அது புறப்பட்டதும் ஒரு சுரங்கத்துக்குள் புகுந்தது, புகுந்ததுதான், வெளியே வருவதாயில்லை. எதிரே இரண்டு வயதான பெண்கள் ஏதோ கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆங்கிலம் தெரிந்தவர், என் முழியைப் பார்த்து எனக்கும் சொன்னார்: "என் மருமகனுக்கு உருளைக்கிழங்கு கிண்டத் தெரியாது. மண்வெட்டியால் பாதியை வெட்டிவிடுகிறான்." என் வாழ்க்கையில் நான் எத்தனையோ மருமகன்களைப் பற்றிக் கேட்ட முறைப்பாடு இது. மனம் கொஞ்சம் ஆறியது.

ரிக்கற் பார்க்க வந்தவர் என் ரிக்கற்றைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் போக வேண்டிய ஊருக்குக் கீழாலே வந்துவிட்டீர்கள்," என்றார். தண்டம் எதுவும் கேட்கவில்லை. வவுனியாவில் என்றால் இதற்குள் என் பரம்பரையையே விசாரித்திருப்பார்கள்.

சுரங்கம் தாண்டி வந்த லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் இறங்கிக் குளிரில் நின்றேன். செப்ரெம்பர்தான், ஆனால் எங்கள் மார்கழியைவிட மோசம். தொலைபேசியில் சொன்னதும் பரமானந்தன் காரில் வந்தார். பஸ் ஓட்டுகிறவர், வேலை உடுப்போடு வந்திருந்தார். ஐம்பது தாண்டிய, தோள் அகன்ற மனிதர். "பயப்பிடாதேங்கோ அக்கா, எல்லாரும் முதல் நாள் இஞ்சைதான் வந்து இறங்கிறவை," என்றார். என்னைவிடச் சில வயதுதான் குறைவு என்றாலும், அந்த அக்காவோடு அவரைத் தம்பியாக்கிவிட்டேன்.

வீட்டில் கோதுமை மாப் புட்டும் நோர்வே மீனில் யாழ்ப்பாணக் குழம்பும். மனைவி தவமணி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். நின்றபடியே பரிமாறி நின்றபடியே சாப்பிட்டார். மகள் யாழினி இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மீன் முள்ளை அவள் எடுக்கிற நேர்த்தியைப் பார்த்தால் யாரும் வெளிநாட்டுப் பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள்.

சாப்பாட்டு மேசையிலேயே அவர் தன் வீட்டைக் கட்டத் தொடங்கிவிட்டார். லோறென்ஸ்கூக் வீட்டையல்ல, முத்தையன்கட்டு வீட்டை. விரலால் மேசையில் கோடு போட்டார். றோட்டுப் பக்கம் மேட்டு நிலம், கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் கிணறு. நோர்வேக்கு வரும்போது நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டு வந்தாராம்.

"கல்லுகள் கிடக்குதோ அக்கா?" என்று கேட்டார்.

கிடக்கிறது, நடுவில் மிளகாய் நிற்கிறது என்றேன். பலமாகச் சிரித்தார். மிளகாய் என்றால் பிரச்சினையில்லை, பென்சன் எடுத்த அடுத்த மாதம் போய்விடுவேன் என்றார். தவமணி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிரித்த அந்த மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு, கொண்டு வந்த கேள்வியை நான் எடுக்கவில்லை.

கை கழுவியதும் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கப் போனேன். தொழில் புத்தி, வளவு பார்க்காமல் வர முடியாது. நல்ல கறுத்த மண். ஆனால் நிலத்தில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. கறிவேப்பிலை சாடியில், மிளகாய் வாளியில், புதினா பழைய சட்டியில். ஓர் அப்பிள் மரம்கூட நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாவுக்குள் நின்றது. இலை வெளிறி, எலுமிச்சங்காய் அளவில் நாலைந்து காய்கள். இரு பக்கத்து வீடுகளிலும் அப்பிள் மரங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன.

தவமணி பின்னால் வந்து மெல்லச் சொன்னார்: "பதினைஞ்சு வரியமா நிலத்தில ஒண்டும் நட விடேல்லை அக்கா. போகப்போறம், பிறகென்னத்துக்கு எண்டுவார். சொந்த வீட்டில வாடகைக்கு இருக்கிற மாதிரி இருக்கிறம்."

மறுநாள் கருத்தரங்கு. நோர்வேக்காரர் நேரத்துக்கு வந்தார்கள், ஆளுக்கொரு கோப்பி எடுத்தார்கள், அசையாமல் கேட்டார்கள். எங்கள் ஊரில் கூட்டமென்றால் பேச்சாளருக்கு முன்னால் நாலு பேர் பேசுவார்கள், இங்கே ஒருவர் இருமுவதற்குக்கூட வெளியே போனார். யாழினி படங்களைத் திரையில் மாற்ற வந்திருந்தாள். அன்று வேலை இல்லையென்று அவளோடு பரமானந்தனும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

வாய்க்கால், மிளகாய்ப் பாத்தி, வெங்காயம் காயப் போட்ட முற்றம், உரம் தூக்கும் பெண்கள். படங்களைக் காட்டி, திருத்திய வாய்க்கால்களையும் திரும்பப் பயிரிட்ட காணிகளையும் பற்றிச் சொன்னேன். முடிந்ததும் தலை நரைத்த ஒரு பெண் கை உயர்த்தினார். காடு வளர்ப்புப் பற்றிப் படிப்பிக்கிறவராம். "முப்பது வருடத்துக்கு மேலான குடியேற்றம் என்கிறீர்கள். உங்கள் படங்களில் ஏன் ஒரு மரம்கூட இல்லை?" என்று கேட்டார்.

தண்ணீர் போதாது என்று சொல்லிவிட்டுத் தப்பியிருக்கலாம். அது எங்கள் திணைக்களத்தின் வழக்கமான பதில். ஆனால் காலையிலிருந்து உருளைக்கிழங்கும் குளிர்ந்த பாணும் தின்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. உள்ளதைச் சொன்னேன். பயிர் செய்கிறவருக்குக் காணி சொந்தமில்லை, காணிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், வருவாரா மாட்டாரா என்று தெரியாது, தெரியாத வரைக்கும் மரம் வைக்க மாட்டார்கள். திரையில் அப்போது நின்ற மகேஸ்வரியின் படத்தைக் காட்டி, இந்தப் பெண் எட்டு வருடமாகக் காத்திருக்கிறாள் என்றும் சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்துப் பார்த்தால் பின்வரிசையில் பரமானந்தன். படத்தில் அவருடைய கல்லுகளில் ஒன்று நன்றாகத் தெரிந்தது.

மிச்ச நாளுக்குத் தங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லி என்னைக் காரில் கூட்டிப்போனார்கள். வானொலியில் ஒருவர் நோர்வேஜிய மொழியில் எதையோ விளக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. தனியே வைத்துக் கேட்க வேண்டியதைச் சபையில் போட்டு உடைத்துவிட்டேனே என்று என்மீதே கோபம் வந்தது. மகேஸ்வரி சொல்லியனுப்பியதை அப்போதுதான் முழுவதுமாகச் சொன்னேன், அவள் காணி கேட்கவில்லை என்பதை இரண்டு தரம் சொன்னேன்.

"வாழை வைக்கட்டும்," என்றார் பரமானந்தன். "நான் தடுக்கேல்லை."

கொடுப்பது தென்னங்கன்று என்றேன். அவர் வாழையைவிட்டு இறங்கவில்லை. வாழை குட்டி போட்டுக்கொண்டிருக்கும், வருகிற நேரம் வெட்டிவிடலாம் என்றார்.

மறுநாள் காலை கோப்பி ஊற்றும்போது, எலுமிச்சையும் வைக்கலாம் என்றார். எலுமிச்சை காய்க்க நாலு வருடமாகும் என்று பழக்கதோஷத்தில் சொன்னேன். மேலே பார்த்துக் கணக்குப் போட்டார், நாலு வருடம் சரிவரும் என்றார். அவர் என்னிடம் பயிரின் பெயர் சொல்லவில்லை, தான் வரும் காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எலுமிச்சையில்தான் விளங்கியது. மாமரம் என்றேன். அவர் பாணை எடுத்து வாட்டப் போய்விட்டார்.

அன்று பகல் யாழினி என்னை ஸ்ட்ரோம்மனில் உள்ள பெரிய கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனாள். மகேஸ்வரியின் பிள்ளைகளுக்குச் சொக்கிலேற் வாங்கினேன், எனக்குக் காதை மூடுகிற தொப்பி. உள்ளேயே ஒரு கடையில் இருந்து வாபிள் சாப்பிட்டோம். இதயம் இதயமாக வெட்டி, ஜாம் பூசி, அதற்கு மேலும் அந்தப் பழுப்புச் சீஸைச் சீவிப் போடுகிறார்கள். நான் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட்டேன்.

"அன்ரி, அந்தக் காணியில இருக்கிற ஆக்களுக்கு அப்பா வரமாட்டார் எண்டு தெரியாதா?" என்று கேட்டாள் யாழினி.

அப்பாவுக்கே தெரியாதே பிள்ளை என்றேன்.

"எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபெரிக்கும் அடுத்த ஃபெரி, அடுத்த ஃபெரி எண்டுதான் சொல்லுவார்." ஃபெரி என்றால் விடுமுறையாம். "அவரிட்ட ஒருத்தரும் நேர கேக்கிறேல்லை. பாவம் எண்டு விடுறம். அங்கை அந்த அன்ரியும் பாவம்தானே?"

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் தலைமுறைக்கு அப்பாவிடம் இப்படி ஒரு கேள்வியை நினைக்கவே வராது.

மாலை வீட்டுப் பின்பக்கத்தில் எல்லோரும் நின்றோம். குளிர் கூட வந்ததும் மிளகாய் வாளிகளை உள்ளே எடுக்க வேண்டும், வருடாவருடம் செய்கிற வேலை. வாளிகளும் சாடிகளும் உள்ளே போயின. அப்பிள் மரத்தைச் சுவர் ஓரம் தள்ளிவிடலாம் என்று பரமானந்தன் பீப்பாவைப் பிடித்தார். அசையவில்லை. யாழினியும் பிடித்தாள், நானும் பிடித்தேன். மூன்று பேர் தள்ளியும் அந்தப் பீப்பா நின்ற இடத்தில் நின்றது. போன வருடம் தானே தள்ளியதாகச் சொல்லி அவர் இன்னொரு முறை தம்பிடித்தார்.

குனிந்து பார்த்தேன். தண்ணீர் வடிய அடியில் போட்ட துளைகள் வழியாக வேர் இறங்கி, என் விரல் மொத்தத்தில் மண்ணுக்குள் போயிருந்தது.

"இது நிலத்தில இறங்கியிட்டுது தம்பி," என்றேன். "இனி இழுத்தால் செத்துப்போம். பீப்பாவை வெட்டி எடுத்துப்போட்டு, சுத்திவர மண் அணையுங்கோ. இப்ப சரியான காலம்."

அவர் பீப்பாவிலிருந்து கையை எடுத்தார். தவமணி கதவு நிலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

யாழினிதான் கேட்டாள். "அப்பா, நீங்கள் போவீங்களா, இல்லையா?"

அவர் மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். ஒருவரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. வாளி தூக்கிய கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நிலவறைக்குப் போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். மரம் அறுக்கிற வாளோடு வந்தார். மேலிருந்து கீழாகப் பீப்பாவை அறுத்தார். பிளாஸ்ரிக் விரிந்ததும், வேர்கள் சுருண்டு சுருண்டு பீப்பாவின் வடிவத்திலேயே நின்றன. சுருண்ட வேர்களை எப்படி விரித்துவிடுவது, எதை வெட்டுவது என்று நான் சொல்லச் சொல்ல அவரே எல்லாம் செய்தார். பழைய மிளகாய்க் கமக்காரன் அல்லவா, மண்வெட்டி அவர் கையில் ஏறியதும் பஸ் சாரதி காணாமல் போய்விட்டார். மண்ணைக் காலால் மிதித்து இறுக்கியபோது அவர் கண் கலங்கியிருந்தது. தவமணி உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார். நான் குளிரைச் சாட்டி உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நாள் விமான நிலையத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். வழி முழுதும் குளத்தைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் திறக்கிற துருசைத் திருத்தினார்களா, கீழ் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டுகிறதா, அவரோடு காடு வெட்டிய பெடியளில் யார் மிச்சம். தெரிந்ததைச் சொன்னேன். பெட்டியை இறக்கி என் கையில் தந்த பிறகுதான் சொன்னார்.

"தென்னை வைக்கச் சொல்லுங்கோ அக்கா. வரியம் பார்க்கத் தேவையில்லை, அது அவவின்ர மரம்." கார்க் கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் திரும்பினார். "வீட்டுக்கு விட்ட இடத்திலயும் வைக்கட்டும். மேட்டு நிலம், நல்லா வரும்."

சரி என்றேன். தொப்பியைக் காதுவரை இழுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

முத்தையன்கட்டில் நான் இறங்கிய அன்று மாரியின் முதல் மழை தூறிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் கேட்டுவிட்டு மிளகாய்ப் பாத்தியைப் பார்த்தாள். "அப்ப அவர் வரமாட்டார்தானோ," என்றாள். சந்தோஷத்தின் சாயல்கூட அந்தக் குரலில் இல்லை. சொக்கிலேற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாரி முடிந்து ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். வரிசை பிடித்து, கன்றுக்குக் கன்று தூரம் அளந்து, கன்றுகள் நன்றாகப் பிடித்திருந்தன. ஆடு கடிக்காமல் ஒவ்வொன்றுக்கும் முள்வேலி. கொட்டிலின் பக்கத்தில் முருங்கையும் ஊன்றியிருந்தாள், தளிர் விட்டிருந்தது. முன்னேற்றத்தைப் பற்றி இனி யாராவது கேட்டால் காட்ட என்னிடம் ஒரு படம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு றோட்டுப் பக்கம் வந்தேன்.

மேட்டு நிலத்தில் தென்னை இல்லை. பழையபடி மிளகாய் நின்றது. நாலு மூலைக் கல்லுக்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தாள்.

இங்கும் வைக்கச் சொன்னாரே, நான் சொல்ல மறந்தேனா என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னனீங்கள் மிஸ், அவரும் சொல்லியிருப்பார்," என்றாள் மகேஸ்வரி, குனிந்து களை பிடுங்கிக்கொண்டே. "ஆனா வந்தால் மனுசன் எங்கை வீடு கட்டிறது?"